தெற்குச் சிலுவையின் கீழே – 7: பல்லாரட்டில் சிலேட்டும் பிரம்பும்

சென்ற வாரம் விக்டோரியா மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையைக் கேட்டு மலைத்து நின்றதோடு விட்டிருந்தேன். இந்த வாரம் மெல்போர்னிலிருந்து வடமேற்கே 110 கிலோமீட்டர் போனால் வரும் பல்லாரட். கடல் இல்லாத ஊர், குளிர் மட்டும் தாராளம். 1851 ஆகஸ்டில் இங்கே தங்கம் கிடைத்தது. வாதவுரங் பழங்குடியினரின் பூமி அது. வெள்ளைக்காரப் பண்ணையார்கள் வந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் கூடாரங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்துவிட்டன. பழைய சுரங்க மேட்டின் மேல் அந்த 1850களின் ஊரை அப்படியே திரும்பக் கட்டி, 1970இல் திறந்தார்கள். சாவரின் ஹில் என்று பெயர்.

நாங்கள் போனது தங்கத்துக்காக அல்ல, தங்கை மகளுக்காக. அவள் ஐந்தாம் வகுப்பு. காலனிக் காலமும் தங்க வேட்டையும் அவர்களுக்கு அந்த வகுப்பில் பாடம். அவள் வகுப்பு முழுக்க இரண்டு நாள் இங்கே வந்து, அந்தக் காலத்து உடுப்பு மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பெற்றோர் பின்னால் வரத் தேவையில்லை என்று பள்ளியில் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவதை யார் தடுக்க முடியும் என்றாள் தங்கை. அவளும், அவள் மாமியாரும், நானும் கிளம்பினோம். மாமியாரை நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். கும்பகோணம் பக்கம் சொந்த ஊர். பிள்ளைகளுக்கு அப்பாயி.

மேட்டுத் தெருவில் ஏறும்போதே அந்த வரிசை எதிரே வந்தது. இரண்டிரண்டு பேராக, கணுக்கால் வரை பாவாடையும் வெள்ளை ஏப்ரனும் பானெட் தொப்பியுமாகப் பெண் பிள்ளைகள். பின்னால் தொளதொளச் சட்டையும் குல்லாவுமாகப் பையன்கள். டீச்சரும் இடுப்பை இறுக்கிய கறுப்பு கவுனில் வந்தார். எங்கள் பிள்ளை எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பாவாடையை இரண்டு விரலால் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, "குட் மார்னிங், மேம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அத்தைக்கு ஒரே சந்தோஷம். "வீட்டுல ஒரு நாளாவது இப்படி மரியாதையா நின்னிருக்காளா?"

பள்ளிக்கூடம் என்பது நீளமான ஒரே அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார வேண்டும். பேச அனுமதி கேட்க வேண்டும். முதலில் நகச் சோதனை. எல்லோரும் கையை நீட்ட, டீச்சர் ஒவ்வொரு நகமாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு வாய்ப்பாடு, கூட்டாக, ராகம் போட்டு. அப்புறம் எழுத்துப் பயிற்சி: மரக் கட்டையில் எஃகு முள் செருகிய பேனா, மைக்கூடு, சாய்ந்த எழுத்து. மேலே போகும் கோடு மெல்லியதாகவும் கீழே இறங்கும் கோடு தடிப்பாகவும் வர வேண்டும். முள்ளைக் கொஞ்சம் அழுத்தினால் பிளந்துகொண்டு மை கொட்டும். டேப்லெட்டில் விரலால் தேய்த்துப் பழகிய பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள்.

எங்கள் பிள்ளை இடது கைக்காரி. டீச்சர் அருகே வந்து, ஒன்றும் சொல்லாமல், பேனாவை அவள் வலது கைக்கு மாற்றினார். அவள் முகம் போன போக்கை ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்க முடிந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் அதுதான் வழக்கம். 'அந்தக் காலத்தில் இடது கைக்காரர்களைக் கட்டாயப்படுத்தினார்கள்' என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பாள். இது மறக்காது. உடுப்பும் தொப்பியும் வெறும் அலங்காரம்தான். இந்த நிகழ்ச்சியின் சாரம், பிள்ளைகளைக் கொஞ்சம் அசௌகரியப்படுத்தத் துணிந்ததில் இருக்கிறது. மேசை மேல் பிரம்பு ஒன்றும் கிடந்தது. யார் மேலும் அது படவில்லை. இந்த விக்டோரியா மாநிலத்து அரசுப் பள்ளிகளில் அடிப்பதையே 1983இல் நிறுத்திவிட்டார்கள்.

தங்க வயல்களில் பள்ளி என்பதே கூடாரம்தான். புதிய ஓடையில் தங்கம் என்று வதந்தி கிளம்பினால் அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் கிளம்பிவிடுவார்கள், பள்ளியும் பின்னாலேயே போகும். படிப்புக்குக் காசு கட்ட வேண்டும். சர்ச்சுகள் நடத்திய பள்ளிகளுக்கு ஒரு வாரியம், பொதுப் பள்ளிகளுக்கு இன்னொரு வாரியம். இலவசமாக, கட்டாயமாக, மதச்சார்பில்லாமல் கல்வி என்று விக்டோரியாவில் சட்டம் வந்தது 1872இல்தான். அந்தத் தேதியில் உலகத்தில் அதிகம் பேர் அப்படிச் சட்டம் போட்டிருக்கவில்லை.

ஒரு பெண் எழுந்து சிலேட்டுகளை விநியோகித்து, தப்பு போட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். "சட்டாம்பிள்ளையா?" என்றார் அத்தை. சட்டாம்பிள்ளையேதான்! அதுவும் நம் ஊரிலிருந்து போனது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அவருடைய ஆசிரியர்கள் அந்த முறைக்கு ஒத்துவராததால் பெரிய பையன்களையே சின்னப் பையன்களுக்கு வாத்தியாராக்கினார். லண்டனுக்குத் திரும்பி, 1797இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். சம்பளம் கொடுக்காமல் நூறு பேருக்குப் பாடம் நடத்தலாம் என்றால் எந்த நிர்வாகம் வேண்டாம் என்னும்? 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்து முழுக்கப் பரவி, கப்பலேறிக் காலனிகளுக்கும் போனது. இங்கே இந்தத் தகவலை எழுதி வைத்த பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அத்தைக்கு அருங்காட்சியகம் தேவைப்படவில்லை. "இதுல என்ன இருக்கு? நாங்க கோவை இலையால சிலேட்டு துடைச்சோம். பிரம்பு நிஜமாவே விழும்" என்றார். அறுபது வருடத்துக்கு முந்தைய அவருடைய பள்ளிக்கூடத்துக்கும், நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். பேத்தி வேஷம் போட்டுக் கற்பது பாட்டிக்குச் சொந்த நினைவு.

மதியம் ஓடைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். பொன் அரிப்பது. வட்டத் தட்டில் சரளையும் களிமண்ணும் அள்ளி, தண்ணீருக்குள் வைத்துக் களியைப் பிசைந்து கரைக்க வேண்டும். பிறகு தட்டைச் சாய்த்துச் சுழற்றச் சுழற்ற மேல் மண் தண்ணீரோடு போகும். தங்கம் அதே அளவு சரளையைவிட ஏழு மடங்கு கனம், அடியிலேயே தங்கும். கடைசியில் கறுப்பு மணல் ஒரு கோடாக நிற்கும், அதன் ஓரத்தில் மின்னினால் அதிர்ஷ்டம். பிள்ளைகள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். அத்தை புடவையைச் செருகிக்கொண்டு இன்னொரு தட்டை வாங்கினார். வரிச்சட்டியில் அரிசி அரித்துக் கல் எடுத்த கை அது. ஐந்து நிமிடத்தில் ஊசி முனை அளவுக்கு இரண்டு துகள். காலையிலேயே தூவி வைத்துவிடுவார்கள் என்று தங்கை கிசுகிசுத்தாள். அத்தை கேட்டுக்கொள்ளவில்லை.

1858இல் இந்த ஊரில் 69 கிலோ எடையில் ஒரே கட்டித் தங்கம் எடுத்தார்கள் என்று சொன்னதும், "எத்தனை பவுன்?" என்றார் உடனே. கணக்குப் போட்டேன். எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல்.

சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் தெருவில் அணிவகுத்து வந்து துப்பாக்கி வெடிக்க, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வேடிக்கைக்குப் பின்னால் நிஜம் இருக்கிறது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவன் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், ஆரம்பத்தில் அது மாதம் 30 ஷில்லிங். பொறுக்க முடியாமல் தெற்குச் சிலுவைக் கொடியை ஏற்றி, யுரேகா என்ற இடத்தில் மரத்தடுப்பு போட்டுக்கொண்டு நின்றார்கள். 1854 டிசம்பர் 3, விடியற்காலையில் சிப்பாய்கள் பாய்ந்தார்கள். தோண்டுகிறவர்கள் தரப்பில் இருபதுக்கு மேல் செத்தார்கள். ஆனால் வழக்குக்குக் கொண்டுபோன பதின்மூன்று பேரையும் ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். அடுத்த வருடமே மாத உரிமம் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று ஆனது.

கொஞ்ச தூரத்தில் சீனர் முகாம். சிறிய கோயில், தாழ்வான கூடாரங்கள். 1855இல் கப்பலில் வரும் ஒவ்வொரு சீனர் தலைக்கும் 10 பவுண்டு வரி போட்டது விக்டோரியா அரசாங்கம். அவர்கள் பக்கத்துக் காலனியில் ரோப் என்ற துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயலுக்கு வந்தார்கள். எங்கள் பிள்ளை வகுப்பில் பாதிப் பேர் சீன, வியட்நாமிய, இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். எல்லோர் தலையிலும் அன்றைக்கு ஆங்கிலேயக் குழந்தையின் தொப்பிதான். 1854இல் இவளை இந்தப் பெஞ்சில் உட்கார விட்டிருப்பார்களா? நான் டீச்சராக இருந்தால் இரண்டாம் நாள் இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

மறுநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தாள், விரல் நுனியெல்லாம் மை. நான் என் பெரிய கேள்விகளோடு காத்திருந்தேன். அவளுக்கு இருந்த கோபம் வேறு. "பெரியம்மா, கேர்ள்ஸ் எல்லாரும் தையல் பண்ணணுமாம். பாய்ஸ்க்கு கணக்கு. நாட் ஃபேர்!" என்று ஆரம்பித்து, இடது கைப் பஞ்சாயத்தையும் சேர்த்து, ராத்திரி சாப்பாடு வரை நிறுத்தவில்லை. தையல் தெரிந்தால் என்ன குறைந்துபோகிறது என்று அத்தை கேட்டு வைக்க, அது இரண்டாவது யுரேகா ஆனது.

அடுத்த வாரம்: கிரேட் ஓஷன் ரோடு, அதில் அத்தைக்கு வந்த வாந்தியையும் சேர்த்து.