ஒட்டுவதும் விடுவதும்

பிள்ளையார்பாளையத்து வீடு. கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் நான் சாய்ந்திருக்கும் சுவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கும் பேத்தி. குழிக்குள் காலை விட்டபடியே பெரியவர் ஜரிகைத் துணுக்கு ஒன்றை நகத்தால் சுரண்டுகிறார். பொன்னும் வெள்ளியும் உரிந்து உள்ளே சிவப்புப் பட்டு எட்டிப் பார்க்கிறது. அசல்தான்.

"எங்க லேப்லயும் தங்கம் இருக்கு தாத்தா."

"எத்தினி பவுனு?"

சிரிக்கிறாள். "கண்ணாடி மேல பூசினது. ஐம்பது நானோமீட்டர். தலைமுடிய ஆயிரம் பங்குக்கு மேல பிளந்தா அதுல ஒண்ணு."

"அதுல இன்னா மினுக்கு இருக்கும்?"

சரியான கேள்வி. அந்தத் தங்கம் மினுங்குவதற்காக அல்ல, ஒரு கோணத்தில் மங்குவதற்காகவே பூசப்பட்டது. கண்ணாடிப் பக்கமிருந்து முப்பட்டகம் வழியே ஒளியை அனுப்பினால் தங்கம் அதைத் திருப்பி அனுப்பும். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் திரும்பும் ஒளி ஏறக்குறைய காணாமல் போகும். தங்கத்தின் மேற்பரப்பில் இருக்கும் எலெக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டு அலையாடும். இதற்கு மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். 1968-ல் ஜெர்மனியில் ஓட்டோவும் கிரெட்ச்மனும் தனித்தனியே இதற்கு வழி கண்டார்கள். 1983-ல் சுவீடன்காரர்கள் அதை உயிர்மூலக்கூறுகள் பக்கம் திருப்பினார்கள். தங்கத்தின் மறுபக்கத்தில் எது வந்து ஒட்டினாலும் அந்த இருண்ட கோணம் துளி நகரும். சதுர மில்லிமீட்டருக்குச் சில பிகோகிராம் ஒட்டினாலே போதும், கருவிக்குத் தெரிந்துவிடும்.

அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. "தங்கத்து மேல ஒரு புரதத்தைப் பிடிச்சு வெப்போம். அது மேல மருந்தை ஓட விடுவோம். ஒட்டினா திரையில கோடு ஏறும்."

"ஒட்டுனா முடிஞ்சுதா?"

"இல்ல. அப்புறம் மருந்தில்லாத வெறும் கரைசல் விடுவோம்."

நாடா நிற்கிறது. "அலசிப் பாக்கறீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்கிறார். "சாயத்துல முக்குனா எல்லாந்தான் ஏறும். அலசுற தண்ணி தெளிஞ்சி வரணும். அப்பதான் நின்னுச்சின்னு அர்த்தம்."

"அதேதான் தாத்தா! எவ்ளோ வேகமா விடுதுன்னு கணக்குப் போடுவோம்."

இந்த முறையின் உயிரே அந்தக் கணக்குதான். இரண்டு மருந்துகளின் பிடிப்பு வலிமை ஒரே எண்ணாக இருக்கலாம். ஒன்று சட்டென்று பற்றிச் சட்டென்று விடும். மற்றது மெல்லப் பற்றி மணிக்கணக்கில் விடாது. உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றல்ல. முடிவை மட்டும் பார்க்கும் சோதனை இந்த வேறுபாட்டைத் தவறவிடும். ஏறி இறங்கும் கோடு காட்டிக்கொடுக்கும். மூலக்கூறுக்கு ஒளிரும் அடையாளம் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவதேஷ் சுரோலியா குழுவினர், பாலிமிக்சின் பி என்ற மருந்து பாக்டீரியாவின் நச்சை எப்படிப் பிடிக்கிறது என்று 1990-களின் இறுதியில் இப்படித்தான் ஆராய்ந்தார்கள்.

பெரியவருக்கு வேறு கவலை. தறியில் இருப்பது அரக்குக் கரை, சந்தன உடல்.

"ஒட்டக்கூடாத எடத்துல ஒட்டிக்கினா?"

"ஒட்டும். அதுக்குத்தான் பக்கத்துலயே புரதம் இல்லாத ஒரு தடம் வெச்சிருப்போம். அதுலயும் அதே மருந்து ஓடும். அங்க ஏறினதை இதுல கழிச்சிடுவோம்."

"நமக்குக் கழிக்க முடியாது. பொடவையே போச்சி."

மறுபடி நாடா ஓடுகிறது. நாலைந்து இழை போயிருக்கும்.

"வேல முடிஞ்சா அந்தத் தங்கத்த இன்னா பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

"தூக்கியா?"

"ஒரு மில்லிகிராம்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும் தாத்தா. குந்துமணி கூடத் தேறாது."

"பழைய பட்டு வாங்கறவன் தெருவுக்கு வரான். கொண்டாந்து குடு, அவன் பாத்துக்குவான்."