‘நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வா!’

1970-களின் ஜப்பான். எவரெஸ்ட் ஏறப் பணம் திரட்ட, பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு மலையேற்றக் குழு பல நிறுவனங்களின் கதவைத் தட்டியது. பல இடங்களில் பணம் கிடைக்கவில்லை, அறிவுரைதான் கிடைத்தது. ‘பெண்கள் வீட்டில் பிள்ளைகளை வளர்க்க வேண்டியதுதானே?’

அந்தக் குழுவில் இருந்தவர் ஜுன்கோ தபேய். வீட்டில் சின்னஞ்சிறு மகள். செலவைக் குறைக்க, பழைய கார் சீட் உறைகளை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டார்கள்.

1975 மே 4, நள்ளிரவு தாண்டிய நேரம். பனிச்சரிவு முகாமை மூடியது. புதைந்து கிடந்த ஜுன்கோவை ஷெர்பாக்கள் இழுத்து மீட்டார்கள். பன்னிரண்டே நாளில், மே 16 அன்று, அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண்!

அவர் கணவர் மசனோபுவும் மலையேறுபவர்தான். மனைவியைத் தடுக்கவில்லை, துணை நின்றார்.

இன்றும் நம் வீடுகளில் அப்பா வெளியூர் கிளம்பினால், ‘எப்ப வருவீங்க?’ என்று கேட்கிறோம். அம்மா கிளம்பினால், ‘பிள்ளைங்களை யார் பார்த்துக்குவாங்க?’ என்கிறோம்.

பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால், அதற்கான பதிலை அம்மா மட்டுமே தேட வேண்டுமா? ‘நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வா’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். மலையோ, மாமல்லபுரமோ, அவர் நிம்மதியாகப் போய்வருவார்.