150 ரூபாய் சவுண்டு கார்டின் பூர்வீகம்

“அண்ணா, நீங்க நிறுத்துற இடத்துல எல்லாம் ஃபேன் சத்தம் பெருசாகுது. மறுபடி பேச ஆரம்பிச்சதும் அமுங்கிடுது” என்று போனில் சொன்னான் ஒரு மாணவன். வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான், பார்வை கிடையாது. அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவது சில ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அனுப்புமுன் அந்தப் பதிவை நானும் இரண்டு தடவை கேட்டிருந்தேன். என் காதில் அது விழவே இல்லை. அவன் சொன்னபிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் மின்விசிறி மெல்ல மேலேறி வந்தது. அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்தில் சட்டென்று அடங்கியது.

பதிவு செய்தது ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு. சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கியது. கட்டைவிரல் நீளம், பச்சையில் ஒரு துளை, இளஞ்சிவப்பில் ஒரு துளை. அதை வாங்க நேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. என் பழைய மடிக்கணினியின் மைக் ஜாக் தளர்ந்துபோய், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வாசிக்கவேண்டியிருந்தது. முதலில் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கார்டை நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். என்னிடம் இருப்பது டெபியன் லினக்ஸ். செருகினேன், விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். லினக்ஸுக்கு எங்களிடம் டிரைவர் கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க ஒரு பாடமும் பதிவாகவில்லை.

அப்புறம்தான் ரிச்சி தெரு. “லினக்ஸா? அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். சொருகிப் பாருங்க, ஓடலன்னா நாளைக்கே கொண்டாங்க” என்றார் கடைக்காரர். கடையிலேயே செருகினேன். இரண்டு நொடியில் ஒலி அமைப்புப் பட்டியலில் அதன் பெயர் வந்து உட்கார்ந்தது. எதையும் நிறுவவில்லை.

அன்று சந்தோஷத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மின்விசிறிப் புகார் வந்ததும்தான் இரண்டு கார்டுகளையும் மேசையில் அருகருகே வைத்துக்கொண்டு தோண்ட ஆரம்பித்தேன்.

யுஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தன்னை நிறுவன எண், பொருள் எண் என இரண்டு எண்களால் சொல்லிக்கொள்ளும். எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைத் தட்டினால் அவை திரையில் வரும். மலிவுக் கார்டின் நிறுவன எண் பூஜ்யம், டி, எட்டு, சி. அது சி-மீடியா என்ற தைவான் நிறுவனத்தின் எண். அவர்களுடைய சிஎம்108 குடும்பத்துச் சிப்தான் உலகம் முழுக்க இந்தக் கட்டைவிரல் கார்டுகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஹாம் ரேடியோக்காரர்கள் அதையே வாங்கிப் பிரித்து, சிப்பின் உபரிக் கால்களில் கம்பி பற்றவைத்து, வானொலிக் கருவியைப் பேச்சுக்கு மாற்றும் விசையாகப் பயன்படுத்துகிறார்கள். பெட்டியின் மேல் 7.1 சேனல் என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பவேண்டாம். ஒலி வெளியே போக இரண்டு தடம், மைக் உள்ளே வர ஒரே ஒரு தடம், 16 பிட். இருப்பது அவ்வளவுதான். ஒருவர் வாசிக்க அது தாராளமாகப் போதும்.

மின்விசிறி மர்மமும் அங்கேயே அவிழ்ந்தது. ஒலியமைப்புகளை மாற்றும் ஆல்சாமிக்சர் என்ற நிரலைத் திறந்து, எஃப்6 விசையால் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்து, வலதுபக்கமாக நகர்ந்துகொண்டே போனேன். ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேசாத நேரத்தில், குரல் தாழ்ந்துவிட்டது என்று எண்ணி மைக்கின் உணர்திறனைத் தானே ஏற்றிவிடும் ஏற்பாடு அது. அறையில் அப்போது இருக்கும் ஒரே சத்தம் மின்விசிறி. எம் விசையை ஒருமுறை தட்டினேன், அணைந்தது. ஒரு பத்தியை வாசித்து அனுப்பினேன். “இப்ப சரியா இருக்குண்ணா” என்றான்.

அந்தக் கட்டத்தை வைத்தது யார்? டெபியன்காரர்கள் இந்தக் கார்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்தச் சிப்புக்குள் இப்படியொரு விசை இருக்கிறது என்று என் கணினிக்கு எப்படித் தெரிந்தது?

விடை 1998 மார்ச்சில் வெளியான ஓர் ஆவணத்தில் இருந்தது. யுஎஸ்பி வழியாக ஒலி தரும் கருவிகள் எப்படிப் பேசவேண்டும் என்று வரையறுக்கும் நியமத்தின் முதல் பதிப்பு அது. பிலிப்ஸ், மைக்ரோசாஃப்ட், டால்பி போன்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். கருவியைச் செருகியதும் அது தன் வீட்டு வரைபடத்தைக் கணினியிடம் நீட்டவேண்டும் என்கிறது அந்த நியமம்: இங்கே மைக், அங்கே ஸ்பீக்கர், நடுவில் இன்னின்ன திருகுகள். திருகுகளின் பட்டியலும் அதிலேயே உண்டு. ஊமையாக்கல், ஒலியளவு, பாஸ் என்று பத்து. ஏழாவதாக இருப்பது, தானே உணர்திறனை ஏற்றும் அந்த விசை! சிப் அதைச் சொன்னது, லினக்ஸ் அதைக் கட்டமாக வரைந்தது. நடுவில் எந்த டிரைவர் சிடிக்கும் வேலையில்லை.

அதே ஆவணத்தில் இன்னோர் எண்ணும் உண்டு, வகை எண். ஒலிக் கருவிக்கு அது 1. எங்கள் மொழி எங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கும் நிறுவனங்கள் 255 என்று போட்டுக்கொள்ளலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையோடு சிறிய ‘வி’ சேர்த்துத் தட்டினால் கருவி தன்னைப் பற்றிச் சொல்வது அனைத்தும் வரும். 150 ரூபாய்க் கார்டில் 1 இருந்தது. நாலாயிரத்துச் சொச்சத்தில் 255.

இந்த நியமத்தோடு தொடர்புடைய ஒரு கணக்கை இங்கே சொல்லியே ஆகவேண்டும், அவ்வளவு அழகு. இந்தக் கார்டுகளில் ஒலி, மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகப் போகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் பொட்டலத்துக்கு 48. வம்பில்லை. சிடியின் கணக்கு நொடிக்கு 44,100, அதாவது பொட்டலத்துக்கு 44.1. ஒரு மாதிரியைப் பத்தாக உடைக்கமுடியாதே! ஆகவே ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45. இந்தக் கார்டில் சிடியின் கணக்கிலேயே பாட்டு ஓடும்போதெல்லாம் இது நொடிக்கு நூறு முறை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நியமம் வருமுன் என்ன நிலைமை? சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அது உலகெங்கும் பரவியதால் மற்றவர்களும் தங்கள் கார்டை ‘சவுண்ட் பிளாஸ்டருக்குப் பொருந்தும்’ என்று அச்சிட்டு விற்றார்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கணினி விளையாட்டு ஒவ்வொன்றிலும் கார்டின் அமைப்பைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஒரு நிறுவனத்தின் பழக்கமே நியமமாக இருந்த காலம். லினக்ஸுக்கு முதலில் ஒலி கொடுத்தவர் ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன். பின்னாளில் ஓஎஸ்எஸ் என்று பெயர்பெற்ற டிரைவர் தொகுப்பு அவருடையது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா, தன்னிடமிருந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டின் திறன் முழுவதையும் அதில் எடுக்கமுடியவில்லை என்று தானே எழுத உட்கார்ந்தார். 1998இல் அது ஆல்சா என்ற பொதுத்திட்டமாக விரிந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில், அதாவது லினக்ஸின் மையநிரலில், ஓஎஸ்எஸ்ஸின் இடத்தை ஆல்சா எடுத்துக்கொண்டது. இன்று உங்கள் லினக்ஸில் வரும் ஒலி இந்த வழியாகத்தான் வருகிறது.

கார்டு ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இப்படி உட்காரவேண்டியிருந்தது. நிறுவனம் ஆவணம் கொடுத்தால் வேலை சுலபம். கொடுக்காவிட்டால் ஆண்டுகள் ஓடும். கிரியேட்டிவ் நிறுவனமே இரண்டுக்கும் சாட்சி. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டுக்கான லினக்ஸ் டிரைவரை 1999இல் மூலநிரலோடு திறந்து கொடுத்தார்கள். 2005இல் வந்த எக்ஸ்-ஃபை கார்டுக்கோ 2008 நவம்பர்வரை மூலநிரலைக் கொடுக்கவில்லை. அதற்குள் அந்தக் கார்டை வாங்கிய எத்தனையோ லினக்ஸ்காரர்கள் அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். நல்ல வன்பொருளை இப்படி ஊமையாக்கி விற்பது வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

தேடலில் என்னை நிறுத்திவைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பெயரைச் சொல்லி, லினக்ஸ் என்ற சொல்லைத் தான் எப்படி உச்சரிக்கிறேன் என்று சொல்லும் சில நொடி ஒலிக்கோப்பு. 1990களில் ரெட் ஹேட் லினக்ஸில் சவுண்டு கார்டை அமைத்து முடித்ததும், வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தக் குரலையே ஒலிக்கவிட்டார்கள். ஓர் இயங்குதளம் பேசக் கற்றுக்கொண்டபோது முதலில் சரிபார்த்தது உச்சரிப்பை. வாசித்துக் கொடுப்பதை வேலையாக வைத்திருக்கும் எனக்கு அது நெருக்கமாக இருந்தது.

இன்னொன்று கெர்னலின் மூலநிரலில், யுஎஸ்பி ஒலிக்கான கோப்பின் தலைப்பில். எழுதியவர் தகாஷி இவாய், ஆண்டு 2002. அதற்கும் முன்பு ஆலன் காக்ஸும் தாமஸ் செய்லரும் எழுதியதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டேன் என்று அங்கேயே நன்றியாகக் குறித்திருக்கிறார். முதல் வரியில், அடைப்புக்குறிக்குள், ‘தற்காலிகமானது’ என்ற பொருளில் ஒரு சொல் போட்டிருக்கிறார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல்லை யாரும் நீக்கவில்லை. கூடவே ஒரு நீண்ட விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. நியமத்தை அரைகுறையாகப் பின்பற்றும் கருவிகளையும் 255 போட்டுக்கொண்ட சிலவற்றையும் பலர் சோதித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்த பட்டியல். என் நாலாயிரம் ரூபாய்க் கார்டு அதில் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. வாசிப்புக்கும் பேச்சுக்கும் கட்டைவிரல் கார்டே போதும், அந்த ஏழாவது விசையை மட்டும் அணைத்துவிடுங்கள். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதென்றால் இதில் ஒலி உள்ளே வர மைக் துளை மட்டுமே இருப்பதால் ஒலி பிய்ந்துபோகும். லைன்-இன் உள்ள பெரிங்கர் யுசிஏ202 போன்றதைப் பாருங்கள், அதுவும் வகை 1தான். பாட்டுப் பதிவுக்கு ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் போன்றவற்றுக்குக் கொஞ்சம் அதிகம் செலவழிக்கலாம், அவையும் லினக்ஸில் ஓடும். பெட்டியில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ (வகை நியமத்துக்கு உட்பட்டது) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், கடைக் கணினியில் அதிலிருந்து துவக்கி, கார்டைச் செருகி, அந்த வகை எண் 1ஆ 255ஆ என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. “டிரைவர் போட்டாதான் ஓடும் சார்” என்று கடைக்காரர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.