அவர் படையில் இருந்தாரா?

எங்கள் ஊரின் பெயர் ஒரு படைப்பிரிவின் பெயராகவும் வாழ்கிறது என்பதை வாலாஜாபாத்துக்காரர்களிலேயே பலர் அறியார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர் ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கும்பினியாரின் படைவீடாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திரட்டப்பட்ட ஒரு மதராஸ் படை, ‘வாலாஜாபாத் இலகு காலாட்படை’ என்று பெயர் பெற்றது. இன்றைக்கும் மதராஸ் ரெஜிமென்டின் நான்காம் பட்டாலியன் அந்தப் பழம்பெயரின் முதலெழுத்துகளைத் தன் பெயரோடு சேர்த்து வழங்குகிறது. படைவீடு போய்விட்டது. பாலாற்று மணலும் இரயில் நிலையமும் எஞ்சின. இப்போது ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் பேருந்துகள் விடியுமுன்னே எங்கள் சாலைகளை நிறைக்கின்றன.

அந்தத் தொழிற்சாலைகளின் வாயில்களில்தான் ‘மிலிட்டரிக்காரர்’ என்ற சொல் மீண்டும் மதிப்புப் பெற்றது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்காக 2005-ல் இயற்றப்பட்ட சட்டம், காவலர்களை அமர்த்தும்போது முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரலாம் என்று கூறுகிறது. அதே சட்டம், காவலர் ஒருவர் இராணுவச் சீருடையையோ அதைப்போலத் தோற்றமளிக்கும் உடையையோ அணிந்தால் ஓராண்டுச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. படைவீரன் என்ற பெயருக்கு ஒரு விலை உண்டு; ஆகவே அப்பெயரை இரவல் வாங்க நினைப்பவரும் உண்டு. சட்டம் இயற்றியவர்கள் இவ்விரண்டையும் அறிந்தே எழுதினார்கள் போலும்.

அண்மையில் எங்கள் பக்கத்து வாயிற்காவலர் ஒருவரைப் பற்றி இளைஞர் சிலர் தேநீர்க் கடையில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அவர் கார்கிலில் இருந்ததாகச் சொல்கிறாராம். ‘இருந்திருக்கவே முடியாது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அவரைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கேள்வி கேட்டு ஊருக்கெல்லாம் அனுப்பவேண்டும் என்பது இன்னொருவரின் யோசனை. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. முறையாகப் பணிமுடித்த ஒவ்வொரு வீரரிடமும் டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்று இருக்கும். அவரவர் ரெஜிமென்டுக்கு ஆவண அலுவலகம் இருக்கிறது. ஓய்வூதிய ஆணை இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. வேலைக்கு அமர்த்துபவர் கேட்டால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும் செய்தி அது. கேட்க உரிமை உள்ளவர் கேட்கவேண்டிய கேள்வியை, உரிமையில்லாதவர் தெருவில் நின்று கேட்பது வேறு காரியம்.

ஏடு இருக்கிற காலத்துக்கு இது பொருந்தும். ஏடே இல்லாத ஒருவரிடம் என்ன கேட்பது? இந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு இருக்கிறது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். ‘பர்மாக்காரர்’ என்றுதான் எல்லாரும் அழைப்போம். 1964-க்குப் பின் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது கப்பலேறித் திரும்பிய ஆயிரமாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். அரிசி ஆலையில் இரவுக் காவல் வேலை. ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் நிற்பார், உட்காரமாட்டார். அவர் 1981-ல் ஒரு நாள் என்னிடம் வந்து, “வாத்தியாரே, ஒரு மனு எழுதித் தரணும்” என்றார்.

இந்திய விடுதலையின் வெள்ளி விழாவையொட்டி 1972-ல் நடுவணரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியிருந்தது. 1980 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து அத்திட்டம் விரிவாக்கப்பட்டு, ‘சுதந்திரதா சைனிக் சம்மான்’ என்று பெயர் மாற்றம் பெற்றது. நேதாஜியின் இந்திய தேசியப் படையில் இருந்து சிறைப்பட்டவர்களும் அதில் அடங்குவர். பெரியவர் தாம் இரங்கூனில் அப்படையில் சேர்ந்ததாகவும், 1945 மே மாதத்தில் ஆங்கிலேயர் இரங்கூனை மீண்டும் பிடித்தபின் அந்நகர்ச் சிறையில் மாதக்கணக்கில் கிடந்ததாகவும் கூறினார். அதுவரை எங்களில் எவருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை. அதுவே பலருக்கு ஐயத்தைத் தந்தது. பணம் வரும் என்றதும் படை நினைவு வந்துவிட்டதாக்கும் என்றார்கள்.

ஐயுற்றவர்களில் முதன்மையானவர் மதராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர். உலகப் போரில் ஆங்கிலேயப் படையின் பக்கத்தில் நின்றவர். எவரையும் தாழ்த்திப் பேசாத நல்ல மனிதர். அவர் வாதம் எளிமையானது. “படையில் இருந்தவன் பெண்டாட்டி பேரை மறந்தாலும் தன் நம்பரை மறக்கமாட்டான் சார். இவருக்கு நம்பரே தெரியவில்லையே!” இதை நான் பெரியவரிடம் பக்குவமாகக் கேட்டேன். “நம்பர் கொடுத்தவங்க ஏட்டையெல்லாம் கொளுத்திட்டுப் போயிட்டாங்க. எனக்கு நம்பர் கொடுத்தாங்களான்னே இப்ப நினைவில்லை வாத்தியாரே” என்றார் அவர்.

இந்த விடை உண்மையாகவும் இருக்கலாம், சாமர்த்தியமாகவும் இருக்கலாம். இந்திய தேசியப் படை பின்வாங்கியபோது அதன் ஏடுகள் பெருமளவில் அழிந்தன. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அதில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தோற்ற படை தன் வீரர்களுக்கு விடுவிப்புச் சான்று எழுதித் தருவதில்லை. வென்ற அரசுகளின் ஏடுகளுக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. முதல் உலகப் போரில் போரிட்ட ஆங்கிலேய வீரர்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940-ல் இலண்டன்மீது விழுந்த ஜெர்மானியக் குண்டுகளால் எரிந்துபோயின. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் பற்றிய தீ, ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட படைக்கோப்புகளைத் தின்றது. அதன்பின் எத்தனையோ முதியவர்கள் தாங்கள் உண்மையாகவே செய்த ஊழியத்தை மெய்ப்பிக்க வீட்டுப் பெட்டிகளைக் குடைந்து பழங்கடிதங்களைத் தேடவேண்டியதாயிற்று. ஏடு இல்லை என்பது ஊழியம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் ஏடு இல்லாத இடத்தில் பொய்யும் செழிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி வீரர் என்று போற்றப்பட்ட வால்டர் வில்லியம்ஸ் 1959 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் இறந்தபோது அவருக்கு 117 வயது என்றார்கள். இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் அவர் இறப்பதற்கு முன்பே ஒரு பத்திரிகையாளர் 1860-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டிப் பார்த்திருந்தார். அதில் அவர் ஐந்து வயதுச் சிறுவன்! வறுமைக் காலத்தில் ஓய்வூதியத்துக்காகச் சொன்ன கதை, கடைசியில் நாடே கொண்டாடும் புகழாக வளர்ந்துவிட்டது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நேர்ந்தது இன்னும் கசப்பானது. அங்கே விடுதலை வீரர் ஓய்வூதியம் பெற்ற பலர் போலிகள் என்று புகார் எழுந்து, ஆணையம் அமைந்து, கோப்புகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2005-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில், ஆராயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் போலிகளே என்ற முடிவு நிலைத்தது. அவர்கள் எல்லாரிடமும் காகிதம் இருந்தது. என் தெருப் பெரியவரிடம்தான் காகிதம் இல்லை.

இங்கே ஒரு புனிதரையும் நினைக்கத் தோன்றுகிறது. தன் மேலாடையை வாளால் அறுத்து ஏழைக்குப் பாதி தந்த தூர் நகர் ஆயர் புனித மார்ட்டினை அறியாத கத்தோலிக்கர் இலர். அவருடைய படைப்பணிக் கணக்கும் வழக்குக்கு உட்பட்டதே! அவரை நேரில் அறிந்து வரலாறு எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் சொல்லும் கணக்கின்படி, மார்ட்டின் பதினைந்து வயதில் படையில் சேர்க்கப்பட்டு, பதினெட்டில் திருமுழுக்குப் பெற்று, பின் ஏறக்குறைய ஈராண்டில் விலகினார். ஆனால் விலகிய நிகழ்ச்சி வோர்ம்ஸ் நகரில் யூலியான் முன்னிலையில் நடந்தது என்றும் அவரே கூறுகிறார். அது 356-ஆம் ஆண்டாகிறது. தூர் நகர் கிரகோரியார் தரும் பிறப்பாண்டோ 316. இரண்டையும் சேர்த்தால் ஐந்தாண்டுப் பணி இருபத்தைந்தாண்டுப் பணியாக நீள்கிறது. திருமுழுக்குக்குப் பின்னும் படையில் நீடித்தவரைக் குருவாக ஏற்க அக்காலத் திருச்சபை தயங்கியது. ஆதலால் அன்பு மிகுந்த சீடர் ஆண்டுகளைக் குறைத்துக் காட்டினாரோ என்று அறிஞர் ஐயுறுகின்றனர். மார்ட்டினிடம் வளர்ந்த பிரிக்சியுஸே ஒருநாள் கோபத்தில், ‘நீர் படைத்தொழிலால் கறைபட்டவர்’ என்ற பொருள்பட அவரை ஏசியதாகவும் சுல்பீசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். சிலர் செய்யாத ஊழியத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள்; சிலருக்காகச் செய்த ஊழியம் குறைத்துச் சொல்லப்படுகிறது. ஐயம் எழுந்ததால் புனிதரின் மேலாடையில் ஒரு நூலும் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மனுவுக்கு வருகிறேன். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் போர்க்களத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. உப்பில்லாக் கஞ்சி, காலில் அழுகிய புண், ஆற்றைக் கடக்கையில் காணாமற்போன நண்பன், இவைதாம். பொய் சொல்பவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவான், மெய் சொல்பவன் வயிற்றைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி அவர்பால் என் மனம் சாய்ந்தது. எனினும் கெட்டிக்காரப் பொய்யருக்கு இதுவும் தெரிந்திருக்கும் அன்றோ? மனம் சாய்வதைச் சான்று என்று எழுத முடியாது.

எழுதி முடித்ததும் அவர் மகள் இன்னொரு தாளை நீட்டினாள். ‘இவர் இந்திய தேசியப் படையில் பணிபுரிந்தவர் என்பதை நான் அறிவேன்’ என்று ஆசிரியர் என்ற முறையில் நான் கையொப்பமிட வேண்டுமாம். “அண்ணே, நீங்க எழுதினா மதிப்பாங்க” என்றாள். அந்த ‘அறிவேன்’ என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. அவர் சிறையில் இருந்த நாட்களில் நான் பிறந்திருக்கவே இல்லை. எட்டாம் கட்டளை பொய்ச்சான்றைத் தடுக்கிறது. அதே கட்டளை, போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளி என்று மனத்துக்குள் தீர்ப்பதையும் தடுக்கிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது. அவர் மெய்யர் என்று கையெழுத்திடவும் எனக்கு உரிமையில்லை. அவில்தாரோடு சேர்ந்து அவரைப் பொய்யர் என்று சொல்லவும் உரிமையில்லை. ‘இவரை நான் பல ஆண்டுகளாக அறிவேன். இவர் தம்மைக் குறித்து இவ்வாறு கூறக் கேட்டேன். வேறு காரியங்களில் இவர் பொய் சொல்லி நான் கண்டதில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மகளின் முகம் சுருங்கிற்று. பெரியவர் தாளை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “சரியாத்தான் எழுதியிருக்கீங்க” என்றார்.

மனு திரும்பி வந்தது. சிறை ஏடு கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்த இருவரின் சான்று வேண்டும் என்பது விதி. கட்டணம் கொடுத்தால் அப்படிச் சான்று எழுதித் தர ஒருவர் முன்வந்தார். வரப்போகும் நிலுவைத் தொகையில் பங்கும் கேட்டார். பெரியவர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். “என்னோட இருந்தவன் எழுதணும். இவன் அப்ப எங்க இருந்தான்?” இதைக் கேள்விப்பட்ட அவில்தார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதுவும் நம்பர் ஆகாது சார்” என்றார். ஆனால் அதன்பின் தெருவில் அவர் இப்பேச்சை எடுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 1993-ல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், காலங்கடந்து வந்தது என்பதற்காகவே இத்தகைய மனுக்களைத் தள்ளலாகாது என்றது. 2001-ல் குர்தியால் சிங் வழக்கில், குற்ற வழக்கில் கேட்பதுபோல ஐயத்துக்கு அப்பாற்பட்ட சான்றை இம்முதியவர்களிடம் கேட்கலாகாது, நடந்திருக்கக்கூடுமா என்ற அளவில் பார்த்தால் போதும் என்றது. இந்த அளவுகோலால் பெரியவரின் மனுவை எவரும் அளந்து பார்க்கவில்லை. முதல் தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு அவில்தார் வந்திருந்தார். மகள் சிலுவையில் பெயரையும் ஆண்டுகளையும் மட்டுமே பொறித்தாள். மனுவின் கார்பன் படி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. என் கையெழுத்தில் மூன்று பக்கம். கீழே ‘இணைப்புகள்’ என்று எழுதி, எண் போட்டு, எதிரே இடம் விட்டிருக்கிறேன்.