விடியலில் தெரிந்த நிறம்

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய படூரில், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கிடையே எஞ்சிய புல்வெளியில் காளான்கள் இரவோடிரவாகக் குடை விரித்திருந்தன. ஆடுகளை ஓட்டிவந்த மூதாட்டியுடன், பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பெயர்த்தியும் வந்திருந்தாள். வெண்ணிறக் குடையும் உச்சியில் பழுப்புச் செதில்களுமாக நின்ற காளான்களைக் கண்டதும், “ஆயா, குழம்புக்கு ஆகுமே!” என்றாள்.

“புத்துல மொளைக்கிறது எனக்குத் தெரியும். இது தெரியாது. தெரியாதத உலையில போடக்கூடாது கண்ணு” என்றார் மூதாட்டி.

அச்சொல்லில் தலைமுறைகளின் பட்டறிவு இருந்தது. காளான் தமிழர்க்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை அதனைக் ‘காளாம்பி’ என்று சுட்டுகிறது. புற்றுக்காளான், கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து எழுவது. அதன் காம்பு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு அத்தோட்டத்தைத் தொடும். அவ்வினத்துள் ஒன்றை அறிஞர் கே. நடராஜன் 1979ஆம் ஆண்டு ‘டெர்மிடோமைசிஸ் ஹெய்மி’ எனப் பெயரிட்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

புல்வெளிக் காளான்களை அறிவது அத்துணை எளிதன்று. ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், பல வினாக்களை எழுப்ப வேண்டும். முளைத்தது சாணத்திலா, மண்ணிலா? காம்பில் வளையம் உண்டா? அடியில் கிண்ணம்போன்ற உறை உண்டா? குடைக்குக் கீழுள்ள மடிப்புகளின் நிறம் என்ன? வெட்டினால் நிறம் மாறுகிறதா? அடிப்பகுதி மண்ணில் தங்கிவிடாதவாறு தோண்டி எடுத்தல் வேண்டும். விரல்நுனி அளவேயுள்ள சிறு காளான்களில் இவ்வடையாளங்கள் மிக நுண்ணியவை. வல்லுநரும் நுண்ணோக்கியின் துணையை நாடுவர்.

பெயர்த்தி ஒரு காளானை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசென்றாள். காம்பை நீக்கி, மடிப்புகள் கீழ்நோக்குமாறு குடையை வெள்ளைத்தாளின்மேல் வைத்து, குவளையால் மூடினாள். விடியலில் திறந்து பார்த்தாள். இரவெல்லாம் உதிர்ந்த வித்துத்துகள் தாளில் மங்கிய பச்சைநிறத்தில் படிந்திருந்தது.

அந்நிறமே விடை கூறியது. அது ‘குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்’ என்னும் நச்சுக்காளான். இளமையில் அதன் மடிப்புகள் வெண்மையாக இருந்து, முதிர்ந்தபின்னரே பசுமை கொள்ளும். அதனால் உண்ணத்தக்கதென மயங்குவோர் பலர். உண்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

வித்துப்படிவும் தனித்து நின்று காப்பாற்றாது. உண்ணத்தகும் பல காளான்களின் படிவு வெண்மை. கொடிய நஞ்சுடைய சிலவற்றின் படிவும் வெண்மையே. வெள்ளிக்கரண்டி கறுக்காவிடில் நஞ்சில்லை, பூச்சி தின்றது மனிதருக்கும் ஆகும் என்னும் நம்பிக்கைகள் பொய்யானவை. சில நஞ்சுகள் சமைத்தாலும் அழியா. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் உயிரிழந்தனர்.

பெயர்த்தி தாளைக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினாள். அவர் அதனை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இப்ப இதுவும் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

அறிந்ததை அறிவது மட்டும் அறிவன்று. அறியாததை அறியேன் என்று ஒதுக்கி, பின்னர்ப் பொறுமையுடன் ஆராய்வதும் அறிவே.