அதே சாலை, அதே நேரம்

டிசம்பர் 10, மனித உரிமை நாள். 2020இல் அதே தேதியில், காலையில் வேலைக்குக் கிளம்பிய மலாலை மைவந்தை ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். ஓட்டுநரும் பிழைக்கவில்லை. மலாலை எனிகாஸ் வானொலி, தொலைக்காட்சி நிலையத்தில் செய்தியாளர், வயது இருபதுகளில். நங்கர்ஹார் மாகாணத்தில் பெண் பத்திரிகையாளர்களின் பாதுகாப்புக்காகவும் ஓடியாடிக்கொண்டிருந்தவர். ஐ.எஸ். அமைப்பு 'பொறுப்பேற்றது'. மந்திரி பதவிக்கும் கொலைக்கும் நம் செய்தித்தாள்களில் ஒரே வினைச்சொல்.

*

மலாலையின் அம்மாவும் பெண்களுக்காகப் பேசியவர்தான். மகள் கொல்லப்படுவதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பு, அவரை யாரென்றே தெரியாத ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் மகள் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

*

பெயர்க்காரணம். மைவந்த், காந்தஹார் பக்கத்து ஊர். 1880 ஜூலையில் பிரிட்டிஷ் படை அங்கே தோற்றது. பின்வாங்கிய ஆப்கானியரை, தன் முக்காட்டையே கொடியாகத் தூக்கிப் பிடித்து, லண்டை என்ற பாட்டு ஒன்றைப் பாடித் திருப்பினாள் மலாலை என்ற பெண் என்பது பஷ்தூன்கள் சொல்லும் கதை.

லண்டை இரண்டே அடி. முதலடியில் 9 அசை, அடுத்ததில் 13. இரண்டடி என்றதும் நமக்குக் குறள்தான் ஞாபகம் வரும். குறளுக்கு வள்ளுவர் இருக்கிறார். லண்டைக்கு ஆள் கிடையாது. பெரும்பாலும் பெண்கள் கட்டியது, பெயர் போடாமல்.

*

பெயர் போடாதது பாட்டில் மட்டுமல்ல. ஆப்கன் கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயர் வராது. இன்னாரின் மகள் என்று அப்பா பெயர் வரும். கல்லறையிலும் அப்படித்தான். 'என் பெயர் எங்கே?' என்று ஆப்கன் பெண்கள் 2017இல் கேட்கத் தொடங்கினார்கள். குழந்தையின் அடையாள அட்டையில் அம்மா பெயரையும் சேர்க்கலாம் என்று சட்டம் திருத்த 2020 செப்டம்பர் ஆனது. மூன்றே மாதத்தில் டிசம்பர் 10.

*

பாகிஸ்தானில் ஸ்வாத் பள்ளத்தாக்கின் மலாலா யூசப்சைக்கும் அதே மைவந்த் மலாலையின் பெயர்தான். 2009 ஜனவரியில் பிபிசி உருதுவுக்கு நாட்குறிப்பு எழுதியபோது வயது 11. குல் மகாய் என்ற புனைபெயரில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜலாலாபாத் மலாலைக்கு அந்த வசதி இல்லை. தொலைக்காட்சிக்காரருக்கு முகமே கையெழுத்து.

ஸ்வாத் மலாலாவைச் சுட்டது 2012 அக்டோபரில், பள்ளி விட்டு வீடு திரும்பும் வண்டியில். ஜலாலாபாத் மலாலையைச் சுட்டது அலுவலகம் போகும் வழியில். பள்ளிக்கும் செய்திக்கும் மணி தவறக்கூடாது. மணி தவறாதவரைக் கொல்ல வருகிறவன் தேடி அலைய வேண்டியதில்லை. வழியில் நின்றால் போதும்.

*

2021 மார்ச் 2. அதே எனிகாஸ் நிலையம். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்த மூன்று பெண்கள், இரண்டு வேறு வேறு இடங்களில் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் செய்தியாளர்கள்கூட இல்லை, டப்பிங் பிரிவு. துருக்கி, இந்தியத் தொடர்களுக்கு உள்ளூர் மொழியில் குரல் கொடுத்தவர்கள்.

டப்பிங் வேலையை நினைத்துப் பார்க்கிறேன். காதில் ஹெட்போன், கையில் வசனத் தாள். திரையில் ஏதோ ஒரு மருமகள் வாய் திறக்கிறாள். அவள் வாய் மூடுவதற்குள் இவள் வசனம் முடிந்தாக வேண்டும். அவள் விம்மினால் இவளும் விம்ம வேண்டும். திரையில் இவள் முகமும் இல்லை, பெயரும் இல்லை. அதற்கும் தோட்டா.

மூன்று மாதத்துக்குள் ஒரே நிலையத்தில் நான்கு பெண்கள்.

*

அதே ஆண்டு ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. 2022 மே: செய்தி வாசிக்கும் பெண்கள் முகத்தை மூட வேண்டும் என்று உத்தரவு. டோலோ நியூஸ் தொலைக்காட்சியில் ஆண் அறிவிப்பாளர்கள் தாங்களும் கறுப்பு மாஸ்க் போட்டு உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: பொது இடத்தில் பெண் முகத்தை மூட வேண்டும், அவள் பாடுவதோ உரக்க வாசிப்பதோ வெளியே கேட்கக் கூடாது.

காபூலில் மைவந்த் போர்க்கள மலாலையின் பெயரில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, பெண்கள் பள்ளி இருக்கிறது. அந்த மலாலை செய்தது இரண்டே காரியம்: முக்காட்டைக் கழற்றினாள், எல்லார் காதிலும் விழப் பாடினாள். இப்போதைய கணக்கில் இரண்டு குற்றம்.