பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ‘டெட்’ என்று ஒதுக்கிவைக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் சில கோலார் தங்கவயலுக்கு வந்து பிழைத்துத் திரும்புகின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னார். அங்கே ராபர்ட்சன்பேட்டையில் அவற்றைப் பழுதுபார்க்கும் கடைக்கு என்னை அழைத்துப்போனதும் அவர்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை. அதன்மேல் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, ஹாட் ஏர் மெஷின், மஞ்சள் நிற மல்டிமீட்டர்.

மேசையில் கிடந்த கார்டுக்கு வழக்கமான புகார்தான்: “ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.”

இப்படி வருகிற எல்லாக் கார்டும் பழுதானவை அல்ல. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்குமேல் வேண்டிய கார்டுக்குத் தனி பவர் கேபிள் போடாமல் விட்டிருப்பார்கள். சில சமயம் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே படம் வந்துவிடும். இதையெல்லாம் பார்க்காமல் புதுக் கார்டு விற்கும் கடைகள் இருக்கின்றன.

கடைக்காரர் இந்தக் கார்டை உடனே கணினியில் மாட்டவில்லை. ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுத்தார். “அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல எலக்ட்ரீஷியன் சார். கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி அளந்து பாருடான்னு சொல்லிக்கினே இருப்பாரு.” சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்து மின்சாரம் இந்த ஊர்த் தங்கச் சுரங்கங்களுக்கு 1902-லேயே வந்துவிட்டது, பெங்களூரு தெருவிளக்குகள் அதற்கு 1905 வரை காத்திருந்தன. அந்த மின்சாரத்தோடு தலைமுறைகளாகப் பழகிய கைகள் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதும் வேலையற்று நின்றன. அப்போது பள்ளியில் இருந்த இவர், பிறகு மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூரு போய், எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் எடுபிடியாக நின்று சிப் லெவல் வேலை கற்றார்.

மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு லைனாகத் தொட்டார். 12 வோல்ட் லைன் சரி. 3.3 சரி. சிப்புக்குப் போகும் லைனில் ஒரு ஓம்கூட இல்லை. ஷார்ட் என்று நினைத்தேன். பெரிய சிப்புக்கு அதுதான் இயல்பு என்றார். 1.8 வோல்ட் லைனைத் தொட்டதும் மீட்டர் விடாமல் பீப் அடித்தது. ஷார்ட் அங்கேதான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். அந்த லைனுக்கு வெளியிலிருந்து ஒரு வோல்ட்டை ஜாக்கிரதையாகக் கொடுத்து, கார்டின் மேல் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றினார். பலகை முழுக்க ஈரம் பளபளத்தது. எள்ளளவே இருந்த ஒரு கெபாசிட்டரைச் சுற்றி மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. ஷார்ட்டான பொருள்தான் சூடாகும், சூடான இடம்தான் முதலில் காயும். அதை எடுத்துவிட்டு அளந்தார், பீப் நின்றது. டிஸ்ப்ளே வந்துவிட்டது.

இதே கார்டை வேறொருவர் வாங்கியிருந்தால் சிப்பின் மேல் சூடு காட்டிப் பார்த்திருப்பார். உள்ளே ஒட்டு விட்டுப்போன சிப்புகள் சூடு பட்டதும் சில நாள் உயிர் பிடிக்கும், பிறகு மறுபடியும் படுத்துவிடும். அந்தச் சில நாளுக்கு மட்டும் ‘டெஸ்டிங் வாரண்டி’ சொல்லித் தள்ளிவிடுகிற வியாபாரம் ஒன்று நடக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அதுவரை அதைத் தோண்டுவதற்காக இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. வாங்குபவர் மாணவர், கேம் ஆடும் பிள்ளை, வீடியோ எடிட் செய்து பிழைப்பவர். அவர்களை ஏமாற்றுவது திருட்டு. வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒழுங்காக வேலை செய்பவருக்கும் நியாயம் கிடைப்பதில்லை. கார்டை அனுப்பும் எஸ்.பி. ரோட்டு டீலர் கூலி கொடுப்பது கார்டு ஓடினால் மட்டுமே. ஓடாவிட்டால் ஒரு பைசா கிடையாது. சிப்பே செத்த கார்டில் அதைக் கண்டுபிடிக்க அரைநாள் போகும். அந்த அரைநாள் யாருடைய கணக்கிலும் ஏறாது. நோயைச் சொன்ன மருத்துவருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், பழுதைச் சொன்னவருக்கு ஏன் மறுக்கிறோம்? போதாக்குறைக்கு, பழுதைத் தேட உதவும் சர்க்யூட் படத்தைக்கூடக் கார்டு தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022-இல் குழு அமைத்து, அதே டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. இந்த மேசைக்கு இன்னும் ஒரு படம் வந்து சேரவில்லை.

இப்போது கடைக்காரர் ஊர்க்காரர்களிடம் பழுதைக் கண்டுபிடிக்க 300 ரூபாய் வாங்குகிறார், கார்டு பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும். எந்த லைன், என்ன அளவு, எந்தப் பொருள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். முணுமுணுத்தாலும் கொடுத்துவிடுகிறார்கள். எஸ்.பி. ரோட்டு டீலர்கள் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.